கோமளவல்லி மூக்கைச் சுளிக்கவில்லை

தணிகைமணி பைப் பிடிப்பவர். திருத்தணியில் பீடி பிடிப்பவர்கள் உண்டு, சிகரெட் பிடிப்பவர்கள் உண்டு, வெற்றிலையோடு புகையிலையை அதக்குகிறவர்கள் உண்டு. பைப் பிடிப்பவர் தான் ஒருவர்தான் என்று அவரே போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வார். அரக்கோணம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தபோது, மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவரிடமிருந்து தொற்றிய பழக்கம் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அது மட்டும் விடவில்லை.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. மனைவி கோமளவல்லி அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண். அவருக்குச் சொந்த மாமன் மகள்; கல்யாணத்துக்கு முன்பிருந்தே 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். எல்லாவற்றுக்கும் 'சரி பாவா' என்பவள் இந்த ஒன்றில் மட்டும் மசியவில்லை. "மாடிக்குப் போங்க பாவா, எனக்குக் கொமட்டிக்கினு வருது" என்று துரத்திவிடுவாள். மழையோ வெயிலோ, இருபத்தாறு வருஷமாக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் அவருக்குக் கதி. கோமளவல்லியின் மூக்கு அப்படிப்பட்டது. தெருமுனையில் யார் வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

மாசி மாதம் சென்னைக்குப் போனபோது, வழக்கமான புகையிலை வரவில்லை என்று கடைக்காரர் வேறொரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். லட்டாக்கியா கலந்த சரக்கு. விறகு மூட்டத்தில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் கருக்கிய இலை. தார் வாசனை, தோல் வாசனை, ஹோமப் புகை, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழம். முதல் இழுப்பிலேயே அவருக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. இத்தனை வருஷம் வைக்கோலையா கொளுத்திக்கொண்டிருந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார். மறுநாள் அந்த அத்திப்பழம் எந்த இழுப்பில் வருகிறது என்று கண்ணை மூடிக் காத்திருந்து பிடித்தார். அவ்வளவு நுணுக்கமான மனிதர்!

அந்த வாரமே பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மாடிக்குப் போக முடியாமல் படிக்கட்டில் நின்று பற்றவைத்தார். புகை நேராகக் கூடத்துக்குள் போயிற்று. கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கோமளவல்லி வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவர் கதவருகே நின்று பிடித்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பத்தே நாளில் கூடத்து நாற்காலியில், ஃபேனுக்குக் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு கௌரியம்மாள் ஒருநாள் உள்ளே வந்தவள், "இன்னாங்க இது, டயர் எரியற நாத்தம்!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கோமளவல்லி மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை.

தணிகைமணிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் புகையிலையின் மகிமை என்று முடிவு கட்டினார். நல்ல சரக்கு என்றால் பெண்டாட்டியின் மூக்கும் அடங்கிப்போகும் என்று நண்பர்களிடம் பெருமை பேசினார். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று கேட்காதீர்கள், இருந்தார்.

ஆடி பிறந்ததும் கோமளவல்லி, "கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கறேன் பாவா, வேண்டுதல்" என்றாள். என்ன வேண்டுதல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பயந்தார். மலையில் சாமி முன்னால் நிறுத்தி, பைப்பை விடுங்கள் என்று கேட்கப்போகிறாள். அங்கே கேட்டால் மறுக்க முடியாது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். இத்தனை காலம் கழித்துக் கூடத்தில் கிடைத்த நாற்காலி பறிபோய்விடும் என்ற கவலை அவருக்கு. சென்னையிலிருந்து நான்கு டப்பாக்களை வரவழைத்து பீரோவில் வேட்டிக்கடியில் ஒளித்துவைத்தார்.

கிருத்திகையன்று படியெங்கும் மஞ்சள் துணியும் அரோகராவும். மணவூரில் கட்டிக்கொடுத்த மகள் கல்பனாவும் வந்திருந்தாள். அறுபத்தொரு வயதுக்காரி சாமந்தியும் மல்லிகையும் சுற்றிய காவடியைத் தோளில் வைத்து, எங்கும் உட்காராமல் ஏறினாள். பின்னால் போன தணிகைமணிக்குத்தான் மூச்சு வாங்கியது.

காவடியைச் செலுத்திவிட்டு வெளியே வந்தவள், பிரசாதப் பூவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தாள். முகத்தைப் பூவுக்குள் புதைத்து, நெஞ்சு விம்ம மூச்சை இழுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தாள். பிறகு இன்னொரு முறை.

"எதாவது வருதாம்மா?" என்றாள் கல்பனா.

கோமளவல்லி இல்லை என்று தலையாட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று பூவின்மேல் விழுந்தது.

"இன்னா வரணும்?" என்றார் தணிகைமணி.

கல்பனா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "வாசனை, நைனா. கார்த்திகை மாசம் காய்ச்சல் வந்துச்சே, அதுலர்ந்து அம்மாவுக்கு ஒரு வாசனையும் தெரியல. டாக்டராண்ட ரெண்டு தபா காட்டினோம். திரும்ப வர்றது கஷ்டம்னுட்டாரு. அதான் இங்க வந்தோம்."

எட்டு மாதம். அத்திப்பழத்தைக் கண்டுபிடித்தவருக்கு, ஒரே கூரைக்குக் கீழே எட்டு மாதமாக இது தெரியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதைக் கோபமாக்கித்தான் அவரால் வெளியே விட முடிந்தது. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் பாவா." கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னே தெரியலன்னேன். நல்லாத்தான் இருக்குது, ஊத்துன்னீங்க. பால் திரிஞ்ச அன்னிக்கு, எனக்கு வாசனை தெரியல பாவான்னேன். காபியைக் கொட்டிட்டுக் கத்தினீங்க. அப்புறம் ஒருநாள் விவரமா சொல்லிடலாம்னு வந்தேன். நீங்க அந்தப் புது டப்பாவைத் தொறந்து என் மூக்காண்ட நீட்டி, எப்டி இருக்குது பாருன்னீங்க."

"நல்லா இருக்குதுன்னு சொன்னியே!"

"ஆங், சொன்னேன். அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதுக்கு மேல உங்களாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அடுத்த காவடிக் கூட்டம் அரோகரா போட்டபடி அவர்களைத் தாண்டிப் போயிற்று. அது போகும்வரை தணிகைமணி நின்றார். "இன்னிலர்ந்து பைப்பை உட்டுடறேன் கோமளா. சாமி மேல சத்தியம்" என்றார்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அவள். பூவை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள். "நல்லா புடிங்க. கூடத்துலயே புடிங்க. அடுப்பாண்ட வந்துகூடப் புடிங்க. இனிமே நீங்க எங்க உக்காந்தாலும் எனக்கு ஒண்ணுதான் பாவா."

சொன்னதில் துளிக் கோபம் இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கப் போனாள்.