எஞ்சினுக்கு அடுத்த வேகன்

என் தம்பி செல்வகணேஷுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனதற்குக் காரணம் அந்தக் கம்ப்யூட்டர்தான். பாலிடெக்னிக்கில் வேலை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ரயில் ஓட்ட உட்கார்ந்துவிடுவான். விளையாட்டோடு வந்த வெளிநாட்டுப் பாதைகள் அலுத்துப்போய், நம்ம கோவில்பட்டி கூட்ஸ் ஷெட்டையே ஒரு கூடுதல் பாதையாகச் செய்து அதில் சேர்த்துக்கொண்டிருந்தான். வேகன்களைக் கழற்றி, லைன் மாற்றி, வரிசைப்படி கோத்து அனுப்ப வேண்டும். ஷண்டிங்காம். கல்யாண வயசில் ரயில் விளையாடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

மூன்றாவதாக வந்தது கழுகுமலை சம்பந்தம். பொன்செல்வியைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவன் தானாகவே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். இதுவும் தட்டினால் தாங்கமாட்டான். அதனால் பெண்ணின் அப்பா, தீப்பெட்டி ஃபேக்டரி காமராஜ் அண்ணாச்சி, வீடு பார்க்க வந்த அன்று கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்தேன். அணைக்கச் சொன்னதற்கு மண்டையை மண்டையை ஆட்டினான். அணைத்தானா என்று நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சி வடையைப் பிட்டு வாயில் வைக்கும்போது உள்ளறையில் ஹாரன் அலறியது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்டேஷன்ல வண்டி வருது போல" என்றேன்.

"ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா இருக்கு?" என்றபடி அவர் எழுந்து சத்தம் வந்த அறைக்குள் போனார். தம்பி பின்னாலேயே ஓடினான்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணாச்சியின் கத்தல்.

"ஏலே! எஞ்சினுக்கு ஒட்டியா தீப்பெட்டி வேகனை மாட்டுவே?"

மாப்பிள்ளையாக வரப்போகிறவனை எந்தப் பெண்வீட்டார் ஏலே என்பார்கள்? முடிந்தது கதை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனேன்.

"பொண்ணு தர மனசில்லேன்னா சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி. எங்க வீட்டுலயே வச்சு எந்தம்பிய ஏலேங்காதீங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தட்டாமல் இருந்ததையும் நானே தட்டிவிட்டேனோ? தம்பி என்னைக் கொல்லப்போகிறவன் மாதிரி பார்த்தான். சேலை தரையில் கிடந்தது. நாற்காலியில் இருந்த அண்ணாச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா, வேகன் முட்டிரும்."

வண்டியை நிறுத்திவிட்டுத்தான் திரும்பினார்.

"ஏலேன்னா சொல்லிட்டேன்? தப்புதாம்மா. சரக்கு ஏத்துத எடத்துல கத்திக் கத்தி வாய் பழகிட்டு. கரி எஞ்சின் காலத்துல ஒரு பொறி விழுந்தா எங்க பொழப்பே போயிரும். நடுவுல ரெண்டு காலி வேகன் மாட்டாம நான் ஒருநாளும் அனுப்புனது கெடயாது. எஞ்சினை ஒட்டித் தீப்பெட்டியப் பாத்ததும் பதறிட்டு."

"மாத்திருதேன் மாமா" என்றான் தம்பி, மவுஸுக்குக் கை நீட்டி.

"நீங்க சொல்லுங்க, நான் மாத்துதேன்." நாற்காலியை அவர் விடவில்லை.

நான் அடுப்படிக்குப் போய், ஆறிப்போன காப்பியை மறுபடி சூடுபண்ணினேன். அப்பாடா என்று இருந்தது. கண்ணில் அதுபாட்டுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அம்மா வந்து, "என்னட்டி ஆச்சு, போயிட்டாவளா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சியே உள்ளேயிருந்து சொன்னார்:

"மாப்ளே, சிக்னல் பச்சை விழுந்துட்டு. எடுப்பமா?"