இரட்டைச் சுழி

"கல்யாணப் பொண்ணுக்குன்னு எடுத்து வச்ச சிவப்பு நெயில் பாலிஷ்! அதைக் கொண்டுபோய் டார்ச் லைட்டுக்குப் பூசியிருக்கீங்க. முழு பாட்டிலையும்!"

"முழுசா இல்ல. அடியில கொஞ்சம் இருக்கு."

"அடியில இருக்கறதை நான் யாருக்குப் பூசறது? எலிக்கா?"

பார்லர் அக்காவின் குரல் ஹேர் டிரையரின் இரைச்சலைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. வாசலில் அவள் வீட்டுக்காரர் நகராட்சி கொடுத்த தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எஜமானியிடம் திட்டு வாங்கும் வேலைக்காரரைப் போல நின்றார். நாற்காலியில் தலை முழுக்கச் சாயம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கணக்கு டீச்சர். அரை மணியில் அலசியிருக்க வேண்டிய சாயம். ஆனால் சண்டை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது தலையை அலசச் சொல்லி நடுவில் புகுவதற்கு டீச்சருக்கு மனசு வரவில்லை. அதன்பிறகு பல வாரங்கள் அவர் தலை தார்ச்சாலை போலப் பளபளத்ததற்கும், இந்தச் சண்டை ஒரு வார்த்தை சிந்தாமல் நமக்கெல்லாம் வந்து சேர்ந்ததற்கும் காரணம் அதுதான்.

அக்காவின் வீட்டுக்காரரான லைட்டுக்காரரை நம் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பகலெல்லாம் ஏணியில் ஏறித் தெருவிளக்கு மாட்டுவார். அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில், ஆள் உயரத்துக்கு ஒரு தொலைநோக்கியைக் காரில் திணித்துக்கொண்டு, விளக்கே இல்லாத இடம் தேடிப் போய்விடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு இருட்டைத் தேடி அலையும் மனிதரைப் பற்றி ஒரு தெரு என்னவெல்லாம் பேசுமோ, அதையெல்லாம் நாமும் பேசித் தீர்த்திருந்தோம். டார்ச்சுக்குச் சிவப்புப் பூசுவதுகூட அதற்காகத்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடுமாம். சிவப்பு பட்டால் ஒன்றும் ஆகாதாம்.

நெயில் பாலிஷ் ஒரு சாக்கு. உண்மையான புண் வேறு இடத்தில் இருந்தது. அது அடுத்த மூச்சில் வெளியே வந்தது.

"திங்கட்கிழமை ஆபீஸ்ல பதில் சொல்லணும்" என்றார் லைட்டுக்காரர்.

"முடியாதுன்னு சொல்லுங்க."

"மலை மேல நீரேற்று நிலையம். மோட்டார் பாத்துக்கற வேலை. குவார்ட்டர்ஸ் தர்றாங்க. சுத்துப்பட்டுல வேற வீடே இல்ல."

"வீடே இல்லைங்கறதை ஏதோ வசதி மாதிரி சொல்ற ஒரே ஆம்பளை உலகத்துலயே நீங்கதான்!"

அக்காவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவள் பார்லரின் பெரிய கண்ணாடி மாட்டியிருந்த கோணம் தற்செயலானது அல்ல. கத்தரிக்கோல் வாடிக்கையாளரின் பிடரியில் ஓடும். பார்வையும் அங்கேயே இருக்கும். ஆனால் கண்ணாடியின் விளிம்பில் எந்த வீட்டுக் கதவு திறந்தது, யார் யாரோடு போனார், யார் முகம் வீங்கியிருந்தது என்பதெல்லாம் அவளுக்குப் பதிவாகிவிடும். ஒருநாளும் தலை திருப்பிப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் அவள் வாழ்ந்தாள். மலை மேலே யாரைப் பார்ப்பது? மோட்டாரையா?

லைட்டுக்காரர் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒரே ஒரு தடவை எங்கூட வா" என்றார். "இந்த சனிக்கிழமை. நான் காட்டறதை நீ பாரு. உன் கண்ணுக்குத் தெரிஞ்சா மலைக்குப் போவோம். தெரியலைன்னு நீ சொல்லிட்டா, முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன். தொலைநோக்கியையும் யாருக்காவது குடுத்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். தன் கண்ணுக்குள் புகுந்து யார் சரிபார்க்க முடியும்?

"சரி" என்றாள்.

"சாட்சிக்கு நான் வரேன்க்கா" என்றார் கணக்கு டீச்சர், சாயம் காதில் வழிய.

சனிக்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்தது கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி. சுற்றிலும் வெட்டி நிறுத்திய பாறைச்சுவர். மேலே வானம் மட்டும். அங்கே முன்னமே பல் டாக்டர் வந்து மடக்கு நாற்காலி போட்டிருந்தார். லைட்டுக்காரரின் வானக் கூட்டாளி. மனைவி இறந்துபோன பிறகு சனி இரவுகளில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்தப் பக்கம் ஒதுங்கியவர். கூட்டத்துக்கு அவர்தான் சட்டம் போடுபவர்.

"இங்க ஒரே சட்டம்தாம்மா" என்றார். "யாரு என்னத்தைப் பாத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் பாத்து முடிச்ச பிறகுதான் சொல்லணும். ஒருத்தர் முதல்ல சொல்லிட்டா மத்தவங்க கண்ணு தானா ஜோடிச்சுக்கும்."

"எங்க தெருவுல எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, டாக்டர்" என்றாள் அக்கா. பார்த்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதா? அவள் பரம்பரையிலேயே அப்படி யாரும் செய்ததில்லை.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும் என்றார்கள். அக்கா காரில் போய் உட்கார்ந்தாள். காற்று அடித்ததில் கூந்தல் கலைந்திருக்குமே என்று தோன்றியது. தொழில் பழக்கம். தலைக்கு மேலிருந்த வெயில் தடுப்பு மடிப்பைக் கீழே இறக்கினாள். அதில் ஒரு குட்டிக் கண்ணாடி. கண்ணாடியைத் திறந்ததும் அதன் இருபுறமும் பளீரென்று வெள்ளை விளக்கு எரிந்தது.

"ஐயையோ!" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் அலறின. டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். லைட்டுக்காரர், "கதவு விளக்குக்கு டேப் ஒட்டினேன், டிக்கி விளக்குக்கு டேப் ஒட்டினேன், இதை விட்டுட்டேனே!" என்று புலம்பினார்.

"இருட்டுல தலை கலைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது, அக்கா?" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அக்கா.

மறுபடி முதலிலிருந்து அரை மணி. இம்முறை அவளைக் கட்டாந்தரையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் நாலைந்து நட்சத்திரம். பிறகு அவற்றுக்கு நடுவே இன்னும் நாலைந்து. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். பாறை விளிம்பிலிருந்து பாறை விளிம்புவரை வானம் மெல்ல மெல்லக் கூட்டம் கூடியது. யாரோ ரகசியமாகச் சொல்லி அனுப்பியதுபோல ஒவ்வொன்றாக வந்து நின்றன. இத்தனை பேர் தலைக்கு மேல் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அக்காவுக்குக் கோபம் வந்தது. சொன்னவர் ஒருவர் இருந்தார் என்பது உறைத்ததும் கோபம் அடங்கிவிட்டது.

லைட்டுக்காரர் குழாயைத் திருப்பி, வெகுநேரம் தடவித் தேடி, ஓர் இடத்தில் நிறுத்தினார். "வா."

குனிந்து கண்ணை வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். சில புள்ளிகள். வேறொன்றும் இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறதே!

"நேரா பாக்காத" என்றார் அவர் காதருகே. "நேரா பாத்தா மறைஞ்சிடும். பக்கத்துல வேற எதையோ பாக்கற மாதிரி பாரு. ஆனா கவனம் மட்டும் நடுவுல இருக்கணும். இது எல்லாருக்கும் சட்டுனு வராது. எனக்கே ரொம்ப நாள் ஆச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாக்காத மாதிரி பாக்கணுமா? இதற்குப் பயிற்சி வேறா?

வட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியை எதிர்வீட்டுக்காரியின் பிடரியாக நினைத்துக்கொண்டாள். பார்வையை அதில் நிறுத்திவிட்டுக் கவனத்தைத் தெருவுக்கு அனுப்பினாள்.

வந்தது.

முதலில், கண்ணாடியைத் துடைப்பதற்காக அதில் வாயால் ஊதினால் படியுமே, அப்படி ஒரு ஆவிப் படலம். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. மூச்சை அடக்கினாள். பெரியது வெறும் படலமாக நிற்கவில்லை. அதற்குள் ஓர் ஓட்டம் இருந்தது. நடுவில் தொடங்கி வளைந்து வளைந்து வெளியே போனது. அக்காவுக்கு அது தெரிந்த உருவம். எத்தனை ஆயிரம் உச்சந்தலைகளில் சீப்பை வைத்து அதைப் பிரித்திருப்பாள்! முடிச்சுழி. அதே சுற்று, அதே நெளிவு. யாரும் சீவாத, யாரும் வெட்டாத சுழி ஒன்று அந்த இருட்டில் தனியாக நின்றது. அதன் ஓரத்திலிருந்து ஒரே ஒரு மெல்லிய இழை பிரிந்து, பக்கத்திலிருந்த சின்னச் சுழியைப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

நேரே பார்த்தாள். எல்லாம் போய்விட்டது. ஓரமாகப் பார்த்தாள். அங்கேயே இருந்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"சட்டம்!" என்றார் டாக்டர்.

முக்காலியில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் பார்க்கப் போனார். அவர் பார்த்து முடிக்க ஒரு யுகம் ஆயிற்று. அடுத்து டாக்டர். அவர் சிவப்பு வெளிச்சத்தில் பென்சிலால் ஏதோ வரைந்து, மறுபடி பார்த்து, மறுபடி வரைந்தார். அந்த அவகாசம்தான் அக்காவைப் படுத்தியது. இப்போது என்ன சொல்வது? தெரியலை என்று ஒரு வார்த்தை போதும். தெரு அவளுடையது, நாற்காலி அவளுடையது, கண்ணாடி அவளுடையது. லைட்டுக்காரர் அவளைப் பார்க்காமல் பாறைப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். மறுபேச்சுப் பேசமாட்டார். அதுதான் அவளைக் குத்தியது.

கேள்விப்பட்டதற்கெல்லாம் காது மூக்கு வைத்திருக்கிறாள். இல்லையென்று அவளே சொல்லமாட்டாள். ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றை, பார்க்கவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதிலும் இப்படி ஒன்றை! தொண்டைவரை ஏறி முட்டிக்கொண்டிருக்கும் இதை விழுங்கிவிட்டு, மீதி ஆயுள் முழுக்க யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா?

"இப்ப சொல்லலாம்" என்றார் டாக்டர். "டீச்சரம்மா?"

"ரெண்டு மங்கல். அவ்வளவுதான்."

"எனக்கும் ரெண்டு. பெரிசுல லேசா ஒரு வளைவு இருக்கோன்னு சந்தேகம். தங்கச்சி, நீங்க?"

லைட்டுக்காரர் திரும்பவில்லை.

"ரெட்டைச் சுழி" என்றாள் அக்கா. "பெரிசு நல்லா சுத்திக்கிட்டு இருக்கு. சின்னது ஒதுங்கி நிக்குது. நடுவுல ஒரு இழை. ஒண்ணு இன்னொண்ணோட கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி."

டாக்டரின் பென்சில் கீழே விழுந்தது. "இழையா? இழை தெரிஞ்சுதா?" என்றார். "அண்ணே, நீங்க சொல்லிவச்சீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றார் லைட்டுக்காரர். "நானே பாத்ததில்லையே. இருக்கும்னு தெரியும். இத்தனை வருஷமா என் கண்ணுக்கு அகப்படலையே."

"வாங்க இங்க" என்றாள் அக்கா. அவரைக் குனியவைத்து, பிடரியில் கைவைத்தாள். தலையைச் சரியான கோணத்துக்குத் திருப்புவது அவளுக்குக் கைவந்த வேலை. "முறைக்காதீங்க. உங்களுக்கு எதையும் முறைச்சுத்தான் பாக்கத் தெரியும். எதிர்வீட்டுல சண்டை நடக்குது, நீங்க பேப்பர் படிக்கறீங்க. கண்ணு பேப்பர்லதான். ம்... அப்படியே இருங்க."

வெகுநேரம் அவர் அசையவில்லை. பிறகு "ஆமா" என்றார். அவ்வளவுதான். எழுந்திருக்காமலே இன்னொரு முறை "ஆமா" என்றார். தலையைப் பிடித்திருந்த இன்னொரு கையில் அவர் கன்னத்து ஈரம் பட்டது. அதைப்பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பார்கள். நம்மிடம் சொன்னபோதுகூட அப்படித்தான் சொன்னாள்.

"அது எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டும் தனித்தனி நட்சத்திரக் கூட்டம், கேலக்ஸி. இப்ப நீ பாத்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பினப்போ இங்க மனுஷங்களே கிடையாது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "அப்ப இத்தனை காலமா, பாக்க ஒரு ஆள்கூட இல்லாம, அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்திருக்கா?" என்றாள். அவளுக்குத் தெரிந்து எந்தத் தெருவிலும் அப்படி ஒன்று நடந்ததில்லை.

டாக்டர் தன் குளிர்கோட்டைக் கழற்றி டீச்சரின் தோளில் போட்டதையும், டீச்சர் வேண்டாமென்று சொல்லாததையும், நட்சத்திரத்தின் மேல் வைத்த பார்வையை எடுக்காமலே அக்கா பார்த்தாள்.

திங்கட்கிழமை லைட்டுக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் சாமான் வண்டி வந்தது. பார்லர் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி அக்காவே மடியில் வைத்துக்கொண்டு போனாள். பார்லர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தெருவில் என்ன நடக்கிறது என்று முன்போல யாருக்கும் ஒழுங்காகத் தெரிவதில்லை. கணக்கு டீச்சர் அடுத்த வருஷம் பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே குடிபோனார். கல்யாணத்துக்கு மலையிலிருந்து இறங்கிவந்து முடி அலங்காரம் செய்தவள் அக்காதான். மாப்பிள்ளைக்கும் தலை வாரிவிட்டாள். வாரிவிட்டு, அவர் உச்சந்தலையை நமக்கெல்லாம் சுட்டிக்காட்டிக் கண்ணைச் சிமிட்டினாள்.

அங்கேயும் இரண்டு சுழி.