ஐந்தாவது கை

பரராசசிங்கத்தைத் தலைவர் கதிரையிலிருந்து இறக்க நிர்வாகக் குழுவின் ஏழு பேரில் ஐந்து பேரின் கை உயர வேண்டும். நான்கு கை தயார். ஐந்தாவது, செயலாளர் தேவமலருடையது. அதனால்தான் புலம்பெயர்ந்த தமிழர்களின் பீலெஃபெல்ட் வைகறை மன்றத்தில் ஒருநாளும் ஒருவரும் ஏனென்று கேட்காத அவளுக்கு அந்த ஞாயிறுக் கூட்டத்தில் மட்டும் இரண்டு தட்டில் பற்றீஸ் வந்தது. ஒன்று தலைவர் அனுப்பியது. மற்றது உபதலைவர் தபோதரன், முந்தி தமிழாக்களின் கொண்டாட்டமெல்லாம் வீடியோ எடுத்துத் திரிந்தவன், தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தது. அவள் இரண்டையும் தொடவில்லை. சும்மா வருகிற பற்றீஸில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

தலைவர்மேல் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. பத்து வருடம் அவள் நடத்திய பாலர் வகுப்பை ஒரேயொரு வாட்ஸ்அப் செய்தியில் பறித்துத் தன் மச்சாளுக்குக் கொடுத்த மனிதர் அவர். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம், அதில் தலைவர் தேர்தல். அதற்குள் பதினொரு கள்ள உறுப்பினர்களைத் தலைவர் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்பது தபோதரனின் குற்றச்சாட்டு. விண்ணப்பப் படிவங்கள் தலைவரின் அலுமாரியில் அகப்பட்டனவாம்.

"ஒரு மாதம்தானே, சனம் தீர்க்கட்டும்," என்றார் பரராசசிங்கம். "சனம் போட்ட வோட்டில வந்தனான். அஞ்சு பேர் கை தூக்கி என்னை அனுப்ப ஏலாது."

"பட்டியலே கள்ளமெண்டா சனம் எப்பிடியண்ணை தீர்க்கிறது?" என்றான் தபோதரன்.

இரண்டு பேச்சுமே நியாயமாகத்தான் பட்டன. அதுதான் தேவமலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் பொறுக்கமாட்டாதவனுக்கு அப்படி என்ன அவசரம்? ஒரு மாதம் கேட்கிறவருக்கு அதற்குள் என்ன அலுவல்?

தபோதரன் மேசையில் கிடந்த படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தான். "சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தன் அக்கா. உங்கட பிள்ளையையும் விடேல்லை."

மிதுசா! கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற அவளுடைய மகள். பெயர், விலாசம், பிறந்த திகதி, கீழே தமிழில் கையெழுத்து. அந்தப் பிள்ளை தமிழில் கையெழுத்து வைத்ததே இல்லை. வகுப்பைப் பறித்தது போதாதென்று பிள்ளையின் பெயரையுமா? அவளுடைய கை மேசையை விட்டு எழும்பியது.

தபோதரன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளை நிறுத்தியது. பதினொரு படிவத்தில் இதைமட்டும் ஏன் உருவிக் காட்டுகிறான்? கையை இறக்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தாள். பிறந்த திகதி 11.06.2004 என்று இருந்தது.

மிதுசா பிறந்தது எட்டாம் திகதி. முதலாவது பிறந்தநாள் புதன்கிழமையில் வந்தது. வேலைநாளில் யார் வருவார்கள்? இங்கே எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் மண்டபத்தில் கேக் வெட்டுவது சனிக்கிழமைதானே. பதினோராம் திகதி வெட்டினார்கள். அப்போது பரராசசிங்கம் பீலெஃபெல்ட்டுக்கு வந்திருக்கவேயில்லை.

"தம்பி, மிதுசாவின்ர முதலாவது பிறந்தநாளுக்கு வீடியோ எடுத்தது ஆர்?"

"நான்தானே அக்கா. அந்த நாளையில எல்லாற்ற வீடியோவும்..." தபோதரன் பாதியில் நின்றுவிட்டான்.

"ஓம். டீவீடி மட்டையில பதினொண்டெண்டு பெரிசா அடிச்சுத் தந்ததும் நீர்தான். நீர் படம் பிடிச்ச நாளை என்ர பிள்ளை பிறந்த நாளெண்டு எழுதிப்போட்டீர்."

தபோதரன் பற்றீஸ் தட்டைப் பார்த்தான். தேவமலர் பதினொரு படிவங்களையும் அள்ளித் தன் கைப்பைக்குள் போட்டு இழுத்துப் பூட்டினாள்.

"என்னட்டைத் தாங்கோ, நான் பத்திரமா வைக்கிறன்," என்று கையை நீட்டினார் பரராசசிங்கம். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கள் ரண்டு பேற்ற அலுமாரியையும் நான் நம்பேல்லை. சிரிக்காதேங்கோ அண்ணை, என்ர கை உங்களுக்கு எதிராத்தான் எழும்பும். பொதுக்கூட்டத்தில, சனத்தோட சேர்ந்து."