கைப்பிடி தனியாக வரும்

வெறும் ஸ்ட்ரெச்சர்தான், அதில் இன்னும் யாரையும் படுக்க வைக்கவில்லை. அதற்கே மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு முனை சுவரிலும் மறுமுனை கைப்பிடிக் கம்பியிலும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வண்டிக்காரர் தூக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அந்த வீட்டு மருமகளின் கணவனிடம் சொன்னார்.

“திரும்பாது சார். பெல்ட் போட்டுக் கட்டி, நிக்க வெச்ச மாதிரி இறக்கிடலாம். இல்லேன்னா பெட்ஷீட்ல வெச்சுத் தூக்கிடலாம். நாங்க தினம் பண்றதுதான்.”

மாடி அறை வாசலில் அத்தை வந்து நின்றாள். காலையில் மாமாவின் மூச்சு நின்றதிலிருந்து அவர் பக்கத்தை விட்டு அவள் எழுந்தது இப்போதுதான்.

“நிக்க வைக்கக் கூடாது. மூட்டை கட்டவும் கூடாது. படுக்க வெச்சே கொண்டுபோறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

அது மருமகளுக்கும் தெரியும். இறந்துபோன எதிர் வீட்டுக்காரரை அப்படிக் கட்டி நிறுத்தி இறக்கியதை மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஆயுசு பூரா நின்னுக்கிட்டே போயாச்சு. கடைசி டிரிப்லயாவது படுத்துக்கிட்டுப் போறேனே” என்று சிரித்தார். சிரித்தபடியேதான் அத்தையிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

“அம்மா, சொன்னா கேளும்மா. வேற வழி இல்ல” என்றான் கணவன். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருமகள் கூடத்து மூலையில் இருந்த தன் மேஜைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

வீடு வரையும் மென்பொருள் விற்கிற ஒரு கம்பெனியின் உதவி எண்ணில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தபடியே பேசலாம். கூரை மூடவில்லை என்பார்கள். நேற்று வரைந்த சுவரைக் காணோம் என்பார்கள். மாடிப்படி மாடிக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று, தொங்கவிட்டதே இவள்தான் என்பது போலக் கத்துவார்கள். சேர்ந்த புதிதில் ஒரு ஆள் வாய் கூசாமல் திட்டியதில் அழுதுவிட்டு, வேலையே வேண்டாம் என்று எழுந்தாள். அப்போது போன் அடித்தது.

“ஏம்மா, வீட்டைக் கட்டி முடிச்சுட்டேன். உள்ள போறதுக்கு வாசலைக் காணோம். இதுக்கு யாரு பொறுப்பு?”

குரலை எவ்வளவு கட்டையாக்கினாலும் அது மாடியில் இருந்த மாமாதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. சில்லறை இல்லை என்று சொன்னதற்காகப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளையெல்லாம் அவர் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தார். அதில் பாதியையாவது அவள்மேல் இறக்கியிருப்பார். இந்த விளையாட்டுக்காகவே அவள் இந்த வீட்டை அப்படியே மென்பொருளில் வரைந்து வைத்தாள். அப்போது அவரால் நடக்க முடிந்தது. டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “நான் பிடிச்சிருக்கேன், நீ போ” என்று ஒவ்வொரு அறையாக அளக்க வந்தார். கடைசியில் அவள் நன்றி சொல்லாமல் போனை வைத்தால் மட்டும் விடமாட்டார். உடனே திரும்ப அடித்து, “உங்க மேனேஜரைக் குடுங்க” என்பார்.

திரையில் வீடு எழுந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் அளவுக்கு ஒரு பலகையை வரைந்து மாடியிலிருந்து படி வழியாக நகர்த்தினாள். திருப்பத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. உயர்த்தினாள். அப்போதும் சிவப்பு.

“இந்த நேரத்துல கம்ப்யூட்டரா?” பின்னால் வந்து நின்ற கணவனின் குரல் உடைந்திருந்தது.

“கொஞ்சம் இருங்க. எது முட்டுதுன்னு முதல்ல பார்ப்போம்.” எல்லா வாடிக்கையாளருக்கும் அவள் சொல்கிற முதல் வார்த்தை அது.

சுவர் முட்டவில்லை. முட்டியது கைப்பிடி. ஓரத்துப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். கண்ணை மூடினால் பொருள் மறைந்துவிடும். வழக்கமாகக் கைப்பிடிக்கு மட்டும் அப்படித் தனிக் கண் கிடையாது. மாடிப்படியை வரைந்தால் அதுவும் தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் இந்தப் படத்தில் கைப்பிடி தனியாக, தனக்கென்று ஒரு கண்ணோடு இருந்தது.

அவளுக்கு மாமாவின் அந்தப் போன் ஞாபகம் வந்தது.

“மேடம், என் வீட்டுக் கைப்பிடி தனியா கழண்டு வரும். உங்க படத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“படி வரைஞ்சா அது தானா வந்துடும் சார்.”

“தானா வந்ததை நான் எப்படிக் கழட்டுறது? அதைச் சொல்லுங்க.”

மனுஷர் பிடித்த பிடியை விடவில்லை. அவளுக்கு மண்டை காய்ந்தது. தானாக வந்ததை நீக்கிவிட்டு, கைப்பிடியைத் தனிப் பொருளாக வரைந்து கொடுத்த பிறகுதான் போனை வைத்தார். அந்த வாரமே ஒரு நிஜ வாடிக்கையாளர் அதே கேள்வியோடு வந்தார். அவள் மடமடவென்று வழி சொன்னாள். வேலையில் முதல் பாராட்டு அதற்குத்தான் கிடைத்தது.

கண்ணை மூடினாள். கைப்பிடி மறைந்தது. பலகை திருப்பத்தைத் தாண்டி, கூடத்தின் மேல் வெறும் காற்றில் ஒரு வளைவு வளைந்து, சிவப்பே இல்லாமல் இறங்கியது.

“என்னங்க, கைப்பிடி கழண்டு வருமாம்.”

“அது வெல்டிங் பண்ணது. சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன்.”

“மாமா சொன்னார்.”

“எப்போ?”

“கஸ்டமரா இருந்தப்போ.”

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கே நிச்சயமில்லை. வம்புக்காகச் சொன்ன பொய்யாக இருந்தால்? படியில் உட்கார்ந்து கம்பியின் அடியைச் சாவியால் சுரண்டினாள். பச்சை, அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் ஏதோ ஒரு மஞ்சள். பெயின்ட் உரிந்துகொண்டே போனது. வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சாவி எதிலோ தட்டி நின்றது. துடைத்துப் பார்த்தாள். போல்ட்டின் தலை.

பக்கத்து வீட்டு மெக்கானிக் ஸ்பானரோடு ஓடி வந்தார். “யாரு மாட்டினாங்களோ, கிரீஸ் தடவி மாட்டியிருக்காங்க. வெண்ணெய் மாதிரி வருது” என்றார். கணவன் அந்தக் கிரீஸை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வண்டிக்காரரும் அவருடைய ஆளும் மேலே பிடித்துக்கொண்டார்கள். கணவனும் மெக்கானிக்கும் கூடத்தில் நின்று கையை உயர்த்தி வாங்கினார்கள். மாமா படுத்தபடி, எதிலும் இடிக்காமல், கூடத்தின் மேல் மெதுவாகத் திரும்பி இறங்கினார். அத்தை ஒவ்வொரு படியாகக் கூடவே வந்தாள். கீழே வந்ததும் கலைந்திருந்த அவர் முடியை ஒதுக்கிவிட்டு, “வந்தாச்சு” என்றாள்.

வண்டியின் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் மருமகள் கிட்டே போனாள். அவரிடம் சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது தினமும் சொல்கிற வார்த்தைதான்.

“எங்களை அழைத்ததற்கு நன்றி சார்.”

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளி நின்றாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கணவன் கைப்பிடியை மறுபடி பொருத்த உட்கார்ந்தான். சும்மா இருந்தால் அழுதுவிடுவான் போலிருந்தது. மருமகள் கம்பியின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினான். மாடிக்குப் போக வந்த அத்தை அவன் பக்கத்தில் நின்றாள்.

“கிரீஸ் வெச்சியாடா?”

“இல்லம்மா.”

“வெச்சு மாட்டு. ரொம்ப முறுக்காத. எனக்கும் வேணும்ல?”

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு முறுக்கியதையெல்லாம் திருப்பிக் கழற்றி, கிரீஸ் வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

அத்தை வெறுமனே நிறுத்தியிருந்த கம்பியின்மேல் கையை வைத்தாள். அது லேசாக ஆடியது.

“நான் பிடிச்சிருக்கேன் அத்தை, நீங்க போங்க” என்றாள் மருமகள்.

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள்.