நாற்பத்தெட்டு மாத்திரைகள்

நாற்பத்தெட்டு குறைந்தது. தட்டில் கொட்டி மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்தெட்டு.

பதினெட்டு வருடமாக மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் பூட்டி வைக்கும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். மூட்டு வீங்கி விரல் கோணிப்போகும் நோய்க்குக் கொடுப்பது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதனால் எங்களுக்குள் அதற்கு வார மாத்திரை என்று பெயர். நாள்தோறும் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் இடத்தையே அது அழித்துவிடும். முதலில் வாய் புண்ணாகும். பிறகு ஒரு சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அதை ஒன்றுவிடாமல் எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். போன முறை சரியாக இருந்தது.

"மூணு பேருக்குக் குடுத்துட்டு எழுத மறந்திருப்பம்மா" என்றார் பொறுப்பாளர். "ஒருத்தருக்கு மாசம் பதினாறு. மூணு பதினாறு நாப்பத்தெட்டு. கணக்கு நேராயிடுச்சா? மூடி வை."

கணக்கு நேராகத்தான் இருந்தது. அந்த விடை எனக்கும் வேண்டியிருந்தது. பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். இங்கே யாரும் எழுதாமல் கொடுத்ததில்லை. ஒருமுறை வேண்டுமானால் மறக்கலாம். மூன்று முறை மறக்குமா?

நாற்பத்தெட்டு என்ற எண்ணை நான் வேறு எங்கேயோ தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கே என்று தேடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ ஜன்னல் கம்பியைச் சாவியால் தட்டினார்கள்.

பிறகு அது வந்தது. 

வார மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மற்ற ஆறு நாளும் ஃபோலிக் மாத்திரை உண்டு. வார மாத்திரையின் கெடுதலைக் குறைக்க. அதுவும் சின்னது, அதுவும் மஞ்சள். ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் உதிரியாக வரும், யாரும் எண்ணுவதில்லை. சிலருக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வாரத்துக்குப் பன்னிரண்டு. மாதத்துக்கு ஒரு கவர், நாற்பத்தெட்டு.

சுவரைப் பார்த்தேன். அங்கே எங்கள் பெருமை ஒட்டப்பட்டிருந்தது. ஆறு மாதம் முன்பு சில ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நீண்டகால நோயாளிகளுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று பத்து மருத்துவமனைகளில் நின்று கடிகாரம் பிடித்தார்கள். ஓர் ஆளுக்கு நாற்பது விநாடி, நாங்கள்தான் முதல். போகும்போது இன்னொன்றும் வைத்துவிட்டுப் போனார்கள்: பூட்டுப் போட்ட ஒரு மஞ்சள் பெட்டி. தவறு நடந்தால் எழுதிப் போடுங்கள், பெயர் கேட்க மாட்டோம் என்றார்கள். பொறுப்பாளர் தன் டீ கிளாஸை அதன் மேல்தான் வைப்பார். "தப்பே நடக்காத எடத்துக்குப் பெட்டி எதுக்கு, ஸ்டூலா இருந்துட்டுப் போகட்டும்" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

நாற்பது விநாடியின் ரகசியம் கவர்தான். ஜன்னல் திறக்கும் முன்பே ஐம்பது கவர்களில் வரிசையாக எழுதி அடுக்கிவிடுவோம். எழுத்து முழுவதும் முடிந்த பிறகுதான் மாத்திரை. எழுதும்போது மாத்திரையைப் பார்ப்பதில்லை. போடும்போது எழுத்தைப் பார்ப்பதில்லை. கைக்குத் தெரியும் என்று நம்பினோம். அதைக் கண்டுபிடித்தது நான்.

பதிவேட்டைப் புரட்டினேன். இந்தப் பதினான்கு நாளில் இரண்டு வேளை ஃபோலிக் வாங்கியவர்கள் மூன்று பேர். முதல் எண்ணுக்கு போன் அடித்தேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"ஐயா, தினம் சாப்பிடுற மஞ்ச மாத்திரையை எடுத்து நகத்தால தடவிப் பாருங்க. நடுவுல கோடு இருக்கா?"

"கோடா? மாத்திரையா பஸ் டிக்கெட்டா, கிழிச்சுக் குடுக்க?"

"சிரிக்காதீங்கய்யா. பாத்துச் சொல்லுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் அடங்கினார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. "இல்லம்மா. வழவழன்னு இருக்கு."

கோடு வார மாத்திரையில்தான் இருக்கும். இரண்டாவது ஒரு பள்ளி ஆசிரியை. அவருடையதிலும் கோடு இல்லை. மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்தேன். தையல்காரம்மா. வாங்கியது போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அடிக்கும் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் முன்பு இதே ஜன்னலில் நின்றார். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தார். "மருந்தம்மா, வாயெல்லாம் புண்ணா இருக்கு. தண்ணி குடிச்சாக்கூட எரியுது. தடவ ஏதாவது குடேன்" என்றார். பின்னால் நீண்ட வரிசை. நான் களிம்பை எடுத்து நீட்டினேன். "சூடுக்கா. வேற ஒண்ணும் இல்ல. தண்ணி நிறைய குடிங்க" என்றேன். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. வார மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாய் புண்ணானால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

எழுந்தேன்.

"எங்க கெளம்பிட்ட? வெளிய கூட்டத்தப் பாத்தியா?"

"நீங்க கொஞ்சம் ஜன்னல்ல உக்காருங்க சார். தையல்காரம்மாவுக்கு நான் மாத்திரையை மாத்திப் போட்டுக் குடுத்துட்டேன்."

அவர் கதவை மெல்லச் சாத்தினார். "மாத்திப் போட்டது அந்தம்மாவாக்கூட இருக்கலாம்ல. வயசானவங்க, ரெண்டு மாத்திரையும் ஒரே நிறம். யார் பாத்தா? பதினெட்டு வருஷ சர்வீஸ். நீயாப் போய்த் தலையைக் குடுக்காத."

அவர் கெட்டவரில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

தையல்காரம்மா வீடு மருத்துவமனைக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஓடவில்லை, ஓடினால் பயந்தது உண்மையாகிவிடும் போல இருந்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். கையில் ஈரத்துணி.

"நல்லவேளை வந்தீங்க மேடம். நேத்து ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். வாயே தெறக்க மாட்டேங்குறாங்க."

முன்னறையில் தையல் மெஷின் மேல் பாதி தைத்த ஒரு பள்ளிச் சட்டை, ஒரு கை மட்டும் இல்லாமல் கிடந்தது. தையல்காரம்மா சுவரோரம் படுத்திருந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"மாத்திரையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

மகள் ஒரு பட்டன் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே இரண்டு கவர்கள், மடிப்புக் கலையாமல். என் கையெழுத்து. ஒன்றில் 'ஞாயிறு மட்டும், நான்கு.' இன்னொன்றில் 'காலை 1, இரவு 1. ஞாயிறு வேண்டாம்.' இரண்டாவதை உள்ளங்கையில் கொட்டி நகத்தால் தடவினேன்.

கோடு.

அடுத்ததிலும் கோடு. அதற்கடுத்ததிலும். எண்ணினேன். இருபத்தேழு இருந்தது. அப்படியென்றால் இருபத்தொன்று உள்ளே போயிருக்கிறது. எரிகிற வாயோடு, இன்று காலை வரை, ஒரு வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து கேட்டவர் அவர்.

"எதுக்கு மேடம் எண்ணுறீங்க?"

"வண்டி ஒண்ணு கூப்பிடும்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

வண்டியில் அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. துணி வழியே சூடு தெரிந்தது. மகள் இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு முறையும் நான் சாலையைப் பார்த்தேன். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். டார்ச்சை அடித்து வாயைப் பார்த்தவள், மகள் நீட்டிய மருந்துச் சீட்டைப் படித்து ஒரு நொடி அப்படியே நின்றாள்.

"வார மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாங்களா? எத்தனை நாளா?"

"அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் கம்மி டாக்டர்" என்றாள் மகள். "என்கிட்டயே சாவி எங்கன்னு கேட்டுட்டு இடுப்புலேர்ந்து எடுப்பாங்க."

தையல்காரம்மா பேச முடியாமல், கோணிய இரண்டு விரல்களை உயர்த்தினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். நான்தான். ரெண்டு நாள் மாத்திப் போட்டிருப்பேன். யாரும் குற்றம் சொல்வதற்கு முன்பே தன்மேல் போட்டுக்கொண்டார்.

டாக்டரின் பேனா தாளில் இறங்கியது. 'இரண்டு நாள்' என்று எழுதுவதைப் பார்த்தேன். பிறகு அவள் நிறுத்தினாள். "ரெண்டே நாள்ல வாய் இப்படி ஆகாதே..."

சுவரில் இருந்த மின்விசிறி ஒருமுறை முழுதாகத் திரும்பி, எங்கள் நான்கு பேரையும் தடவிவிட்டு வந்த வழியே போனது. அந்தத் தாள் காற்றில் ஓரம் தூக்கியது. அதில் நான் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போனால் அவருக்கு முறிவு மருந்து குறைவாக ஏறும்.

"ரெண்டு நாள் இல்ல டாக்டர், பன்னெண்டு நாள்" என்றேன். "இதுல இருபத்தொண்ணு. அது போக ரெண்டு ஞாயித்துக்கிழமை, நாலு நாலு. இன்னைக்குக் காலையில கடைசி. இவங்க எதையும் மாத்தல. எழுதுனது எழுதுனபடி சாப்பிட்டாங்க. கவர்ல தப்பா போட்டது நான்."

கவரை நீட்டினேன். டாக்டர் வாங்கிப் பார்த்தாள். இரண்டு நாளை அடித்தாள். திட்டவில்லை. "முறிவு ஊசி ஸ்டாக்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. பேரை நீங்க ஒரு தடவை படிங்க, நான் ஒரு தடவை படிக்கிறேன்."

திரும்பியபோது மகள் வழியில் நின்றாள். "செவ்வாக்கிழமை அம்மா உங்ககிட்டதானே வந்தாங்க?"

"ஆமா."

அவள் விலகவில்லை. கையில் இருந்த ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள், அதில் சொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. உதடு அசையாமல், தொண்டையிலிருந்து.

"சூடுன்னீங்களே மருந்தம்மா."

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

வெள்ளை அணு நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும், தொள்ளாயிரம் இருந்தது. தனி அறையில் போட்டார்கள். அடுத்த நாள் எழுநூறு. அதற்கடுத்த நாளும் எழுநூறு. குறையவில்லை என்றார்கள், ஏறியது என்று சொல்லவில்லை. நான் தினமும் காலையில் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். மகள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஆயிரத்து நூறு. நர்ஸ் சொன்னதும் மகள் என் பக்கம் திரும்பினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மஞ்சள் பெட்டிக்கான தாளை எடுத்து எழுதினேன். 'தவறை முதலில் கவனித்தவர் யார்?' என்று ஒரு கேள்வி இருந்தது. நோயாளி என்று எழுதினேன். எப்போது? செவ்வாய்க்கிழமை. அப்போது என்ன செய்யப்பட்டது? களிம்பு கொடுக்கப்பட்டது. தாளை மடித்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளர் பெட்டியின் மேலிருந்த கிளாஸை எடுத்துக்கொண்டார். மேலிடத்துக்கும் தனியாக, பெயரோடு, ஒரு கடிதம் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை ஜன்னலில் இரு, பக்கத்தில் இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று பதில் வந்தது.

பத்தொன்பதாம் நாள் தையல்காரம்மா ஜன்னலுக்கு வந்தார். இளைத்திருந்தார். வேறு ஜன்னலும் இருந்தது, அங்கே போகவில்லை. சீட்டை நீட்டினார். வார மாத்திரையை டாக்டர் நிறுத்தியிருந்தார். வேறு இரண்டு மருந்து.

நான் எடுத்து வைத்தேன். பக்கத்தில் பொறுப்பாளர் சரிபார்த்தார். கவரில் போடப் போனேன்.

"கவர் வேணாம்" என்றார். "தட்டுல கொட்டுங்க."

கொட்டினேன்.

"இது என்ன?"

சொன்னேன்.

"எதுக்கு?"

சொன்னேன்.

ஒன்றை எடுத்தார். அந்த விரல்களுக்கு அது எளிதாக இல்லை. வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் தடவினார், திரும்ப வைத்தார். அடுத்ததை எடுத்தார். வரிசை நெளிந்தது.

"என்னங்க அங்க, நகையா எடுக்குறாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "உரசிப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்களோ!"

யாரோ சிரித்தார்கள். தையல்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதை எடுத்தார். என் கை கவரின் மேல் தானாக நகர்ந்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதச் சாப்பிட்டு வாய் புண்ணானா?"

"உடனே டாக்டர்கிட்ட போங்கக்கா. ஜன்னலுக்கு வராதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்காவது மாத்திரையை எடுத்தார்.