எண்ணெய் காணாத தலை

"வெக்க மாட்டேனுங்க அத்தை!"

"வெச்சுத்தான் ஆகோணும், உக்காரு!"

"ஊத்த ஊத்தத்தானுங்க அரிப்பு..."

"புருசன் உசுரோட இருக்கறப்ப எவளாச்சும் காஞ்ச தலையோட திரிவாளா? இது எழவு ஊட்டு வேசம்!"

மாமியார் ராமக்காள் கையில் எண்ணெய்க் கிண்ணம். மருமகள் பாப்பாயி தூணைச் சுற்றி ஓட்டம். மகாராஜா காலத்து மைசூரில், அக்ரஹாரத்துத் தெருவொன்றில் குடியிருந்த கொள்ளேகாலத்துக் குடும்பம். பாப்பாயியின் புருசன் லிங்கப்பன் வெல்ல வியாபாரமாகச் சாமராஜநகர் போய் வாரக்கணக்காகியிருந்தது.

பாப்பாயிக்குத் தலையெல்லாம் செதில். சொறிந்தால் மாவு சலித்த மாதிரி தோளில் கொட்டும். தேங்காயெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா, நல்லெண்ணெய். அதுவும் இல்லையா, விளக்கெண்ணெய். ராமக்காள் விடவில்லை, செதிலும் விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா முடியை விலக்கிப் பார்த்தாள்.

"ஊறுகாய் மேல பூஞ்சணம் பூக்குதில்ல? அதோட தாயாதி ஒண்ணு உங்க தலையில குடியிருக்கு. எண்ணெய்தான் அதுக்குச் சோறு. சோத்தை நிறுத்துங்க. சீயக்காய் போட்டு அலசுனா போதும்."

நிறுத்தினாள். அரிப்பு அடங்கியது, தூக்கம் வந்தது. அடுத்த வீட்டுக் கன்னடக்காரி கௌரம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் பாப்பாயி, தலைக்கு எண்ணெயே இல்ல? ஊர்ல யாருக்காவது...? அய்யோ, பாப!"

கௌரம்மா பால்காரியிடம் சொன்னாள், பால்காரி வண்டிக்காரனிடம் சொன்னாள். மார்டள்ளியில் வாழ்க்கைப்பட்டிருந்த லிங்கப்பனின் அக்கா சித்தம்மா காதுக்குப் போனபோது மிச்சமிருந்தது இவ்வளவுதான்: "பாப்பாயி தலையில எண்ணெய் இல்லையாம்."

தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் தெருமுனையில் வண்டி வந்து நின்றது.

"ஐயோ, என் தம்பீ! என் ராசா!"

மகளின் குரல்! ராமக்காள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"அவளுக்கு ஏதோ சேதி வந்திருக்குது! ஐயோ, எம்மவனே!" மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அம்மா அழுவதைப் பார்த்து மகளுக்கு உறுதியாகிவிட்டது. மகள் அழுவதைப் பார்த்து அம்மாவுக்கு.

"எப்படீம்மா போனான்?"

"நீ சொல்லு, எப்படிப் போனான்?"

சொல்லத்தான் ஆளில்லை.

உள்ளே பாப்பாயி கைகூப்பினாள். "எல்லாம் என் தலையாலதான். சாமி, அவரைத் திருப்பிக் குடுத்துரு, குடம் குடமா ஊத்திக்கிறேன்." கிண்ணத்தை எடுத்து உச்சிக்கு மேலே தூக்கினாள்.

"ஏனுங்கக்கா, யாரு செத்துட்டாங்க?"

வாசலில் லிங்கப்பன். தோளில் துண்டு, கையில் வெல்லப் பொட்டலம். இரண்டு ஒப்பாரியும் பாதியில் நின்றன. அவன் உள்ளே வந்தான். கிண்ணமும் கையுமாக நின்ற பெண்டாட்டியின் வகிட்டைக் குனிந்து பார்த்தான். தோளைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஒரு செதில்கூடக் காணோம்! அப்பிடி எந்த எண்ணெய்ங்கம்மா வெச்சீங்க?"