திருஷ்டிப் பொட்டு வைத்த வண்டி

பத்துமலை தன் ஆயுசில் எந்த வண்டியையும் பூசை போடாமல் ரோட்டில் இறக்கியவனில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டுகிறவன். இரண்டு லைட்டுக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கினால்தான் அவனுக்குக் கியரில் கை போகும். அப்பேர்ப்பட்டவன், சொந்த மகள் செய்த வண்டியை வெறுமனே ஈப்போ டவுனுக்குப் போட்டிக்கு அனுப்பிவிடுவானா?

அது பிஸ்கட் டின்னில் செய்த வண்டி. ஓட்ட ஆள் வேண்டாம், தானாகவே வெளிச்சத்தைத் தேடிப் போகும். மாணவர்களுக்கான தானியங்கி வண்டிப் போட்டியில் இந்த வருஷம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளையும் சேர்த்திருக்கிறார்கள் என்று மங்களம் டீச்சர் வந்து சொன்னபோது தோட்டமே சிரித்தது. சிரிக்காமல்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலிலும் அங்கே கரண்டு வருவது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். டீச்சர் மசியவில்லை. ஈப்போ ரேடியோ கடைகளில் ஏறி இறங்கி, வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் இரண்டு கண்களை வாங்கி வந்தாள். பத்துமலையின் மகள் முத்தம்மா அவற்றைக் கண்ணுக்கொரு பேனா மூடிக்குள் வைத்து ஒட்டி, செத்துப்போன கேசட் ரேடியோக்களின் மோட்டார்களைக் கோத்து, வண்டியை ஓடவிட்டாள். ஒரு கண்ணைக் கையால் பொத்தியும் காட்டினாள். வண்டி நேராகப் போவதை விட்டுவிட்டு நின்ற இடத்தில் வட்டமடித்தது. பத்துமலை கைதட்டிச் சிரித்தான்.

"இது போட்டியில ஓடுனா என்னை ஈப்போ ஸ்கூல்ல, ஹாஸ்டல்ல சேர்த்து வுடணும்பா," என்றாள் முத்தம்மா.

"ஓடட்டும் பாப்பா, பாத்துக்கலாம்லா," என்று வாக்குக் கொடுத்துவிட்டான். டவுன் பிள்ளைகளுக்கு முன்னால் பிஸ்கட் டின் எங்கே ஓடப்போகிறது என்ற தைரியம்தான். ஒரே பிள்ளை. லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போட்டியன்று காலை, "அப்பா, வண்டியத் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முத்தம்மா குளிக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் இவன் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டான். எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்று வேலியோரத்து லீமாவ் கஸ்தூரியில், அந்தக் குட்டி எலுமிச்சைச் செடியில், இரண்டு பிஞ்சு பறித்து வந்தான். சக்கரம் அதிலும் ஏற மாட்டேன் என்றது. ஒன்றைக் கையாலேயே நசுக்கிப் போட்டான், மற்றதைத் திரும்பி வரும்போது ஆகும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் லைட்டு. சுண்டுவிரல் நகத்தைப் பேனா மூடிக்குள் விட்டு இடது கண்ணுக்குப் பொட்டு வைத்து முடித்தான். குளியலறைக் கதவு திறந்தது. வலது கண்ணுக்கு நேரமில்லை.

ஈப்போ மண்டபத்தில் டவுன் பள்ளிக்கூடத்து வண்டிகள் பளபளவென்று நின்றன. முத்தம்மா தன் வண்டியைக் கோட்டில் வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். எதிர்க்கோடியில் பல்பு எரிந்தது. வண்டி கிளம்பியது, திரும்பியது, கோயிலை வலம் வருவதுபோல் பயபக்தியோடு சுற்ற ஆரம்பித்துவிட்டது. பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. நடுவராக இருந்த சீனப் பெரியவர் மட்டும் சிரிக்காமல், "செகாலி லாகி," என்று ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு தரம்தான்.

முத்தம்மா டின்னைத் திறந்து ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பத்துமலைக்கு அவள் கண்ணைப் பொத்திக் காட்டியது ஞாபகம் வந்தது. தன் சுண்டுவிரலைப் பார்த்தான். நகத்தடியில் சந்தனம். அடப்பாவி!

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி ஓடவில்லை, அவ்வளவுதான். கொடுத்த வாக்கும் கெடாது, பிள்ளையும் வீட்டோடு இருக்கும். முத்தம்மா ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கி விழுங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் கோளாறு தேடிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் கூட வந்திருந்த பெண்சாதி ராக்காயி.

பத்துமலை நாற்காலிமேல் ஏறிவிட்டான்.

"பாப்பா! எடது லைட்டுல சந்தனம் இருக்கு! உள்ளார! நாந்தான் வெச்சேன்லா!"

மண்டபமே திரும்பியது. மங்களம் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். முத்தம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் நாற்காலியைவிட்டு இறங்கிவிட்டான். அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, பேனா மூடிக்குள் விட்டுச் சுரண்டி, பாவாடை நுனியால் நன்றாகத் துடைத்தாள். விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல் நெற்றியில் இழுத்துக்கொண்டாள்.

சுவிட்சு. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு பல்பைப் பார்த்து நேராகக் கிளம்பியது.

"ஓடுதுங்க!" ராக்காயி அவன் கையைக் கிள்ளினாள். "அய்யோ, ஓடுதுங்க!"

"ஓடாம? பூசை போட்ட வண்டிலா," என்றான் பத்துமலை.

முத்தம்மா வண்டிக்குப் பக்கத்திலேயே, கோணல் பொட்டோடு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தான். திரும்பி வருவதற்கென்று வைத்திருந்த லீமாவ் உள்ளே நசுங்கி, சாறு சட்டையில் ஈரமாக இறங்கியது.